பிதாமகர் என்பவர் யார்?

புரட்டாசி மாதம் இரண்டு வழிபாடுகளை அருகருகே கொண்டுவந்து வைக்கிறது. தேய்பிறையில் வருவது மகாளய பட்சம். முன்னோரை நினைத்து எள்ளும் நீரும் அளிக்கும் நாட்கள் அவை. அமாவாசை கழிந்ததும் நவராத்திரி தொடங்குகிறது; அதே நாட்களில் திருமலையில் வேங்கடவனுக்குப் பிரம்மோத்ஸவம் நடைபெறுகிறது. மறைந்தவர்களுக்கு நீர் அளித்த கைகளே, பிறகு மலையேறிச் சென்று இறைவன் திருமுன் குவிகின்றன.

ஒரு மகாளய காலத்தில் திருப்பதியில் கபில தீர்த்தத்தின் படிகளில் அமர்ந்திருந்தேன். சேஷாசலத்தின் அடிவாரத்தில், கபிலேசுவரர் கோயிலை ஒட்டி, மலையருவி குளத்தில் விழும் இடம் அது. சித்தூரிலிருந்து வந்திருந்த முதிய தம்பதியர் அருகில் வந்து வணங்கினர். பெரியவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி வாழ்ந்தவர்கள் அவர்கள். சிறிது நேரம் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மெல்லச் சொன்னார்:

"சுவாமி, கபிலர் பெயரைக் கேட்டாலே சகரரின் புதல்வர்கள் நினைவுதான் வருகிறது. சாம்பலாய்க் கிடந்த அவர்களுக்குக் கங்கையைக் கொண்டுவர ஒரு பகீரதன் இருந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் தந்தைக்கும் பாட்டனாருக்கும் நான் இவ்வளவு காலம் தர்ப்பணம் செய்துவிட்டேன். எனக்குப் பிறகு அவர்களுக்கு யார் செய்வார்கள்? எனக்கு யார் செய்வார்கள்? என்னோடு அவர்களும் அல்லவா தாகத்தில் நிற்கப் போகிறார்கள்?"

அவர் மனைவி தலைகுனிந்து நின்றார். அந்தக் கேள்வி அவர்கள் இல்லத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தது என்பது தெரிந்தது. இத்தகைய கேள்விக்கு, 'நீ ஆத்மா, உனக்குப் பிறப்பேது, தாகமேது?' என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அது உண்மையே. ஆயினும் தாகத்தோடு நிற்பவரிடம் கடலின் ஆழத்தைக் கூறுவது போன்றது அது. அவருடைய கேள்வியை அவர் நிற்கும் இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

அர்ஜுனனின் அச்சம்

பெரியவரின் அச்சம் புதியதன்று. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் வெளியிடும் அச்சங்களுள் இதுவும் ஒன்று. குலம் அழிந்தால் பிண்டமும் நீரும் அற்றுப்போகும், முன்னோர் வீழ்வார்கள் என்று அவன் நடுங்குகிறான். அவன் எதிரே வில்லேந்தி நிற்பவர்களுள் முதன்மையானவர், எல்லோராலும் 'பிதாமகர்' என்று அழைக்கப்படும் பீஷ்மர்.

வேதமும் இந்த அச்சத்திற்கு இடம் தருவது போலவே தோன்றும். மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது தைத்திரீய சம்ஹிதை. ரிஷிகளுக்குரிய கடனைப் பிரம்மசரியத்தாலும், தேவர்களுக்குரிய கடனை வேள்வியாலும், பித்ருக்களுக்குரிய கடனை மக்கட்பேற்றாலும் தீர்க்க வேண்டும். நம் திருவள்ளுவரும் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவருள் தென்புலத்தாரையே முதலில் வைக்கிறார். படைப்புக் காலத்தில் பிரம்மனால் படைக்கப்பட்டுத் தென்திசையில் வாழும் பித்ருக்களே தென்புலத்தார் என்பது பரிமேலழகர் உரை. ஆகவே முன்னோர் வழிபாட்டைச் சிறிதென்று நம் மரபு ஒருபோதும் எண்ணியதில்லை.

ஆனால் முன்னோர் என்பவர் யார்? நம் உடல் யாருடைய உடலிலிருந்து வந்ததோ அவர்கள் மட்டுமா? இங்குதான் ஒரு சொல்லை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரே சொல், இரண்டு திசைகள்

கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் அர்ஜுனன் வேறொரு கேள்வி கேட்கிறான். யோகப் பாதையில் புறப்பட்டு, முடிவை எட்டும் முன்பே வழுவியவன் என்ன ஆவான்? இங்குமின்றி அங்குமின்றிச் சிதறிய மேகம்போல் அழிந்து போவானோ? நன்மை செய்பவன் எவனும் கேடுற மாட்டான் என்று பகவான் உறுதி கூறுகிறார். அவ்வாறு கூறும்போது அர்ஜுனனை அவர் 'தாத' என்று விளிக்கிறார்.

இச்சொல்லைத் தமிழாக்க முற்படும் எவரும் இவ்விடத்தில் எழுதுகோலை நிறுத்த நேரும். நானும் நிறுத்தியிருக்கிறேன். 'தாத' என்றால் வடமொழியில் தந்தை. நம் இலக்கியத் தமிழில் 'தாதை' என்றாலும் தந்தையே. 'மூதாதை' என்னும் சொல்லிலும் அவரே இருக்கிறார். பேச்சுத் தமிழில் 'தாத்தா', தெலுங்கில் 'தாத' என்பன பாட்டனாரைக் குறிக்கின்றன. பகவான் தம் சீடனை, தம்மைச் சரணடைந்த இளையவனைப் போய்த் 'தந்தையே' என்று அழைப்பானேன்?

ஆதிசங்கரர் இவ்விடத்திற்குத் தரும் விளக்கம் மிகச் சிறியது, ஆனால் மிக ஆழமானது. விரித்தல், நீட்டித்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து அவர் இச்சொல்லைப் பெறுகிறார். தந்தை தன்னையே மகன் வடிவில் விரிக்கிறார். ஆகவே அவர் 'தாத'. தந்தையே மகனாக நிற்பதால் மகனும் 'தாத'. சீடனும் மகனாகவே கருதப்படுவதால் அவனையும் அவ்வாறு அழைப்பது பொருந்தும்.

இது இலக்கண நயம் மட்டும் அன்று. நம் வீடுகளிலேயே இதைக் கேட்கலாம். சின்னஞ்சிறு பையனைப் பார்த்து, "வா அப்பா, சாப்பிடு" என்கிறோம். பெண் குழந்தையை "அம்மா" என்று கொஞ்சுகிறோம். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் 'நாயனா' என்பது தந்தையைக் குறிக்கும் சொல். தந்தை தன் மகனை அருகில் அழைப்பதும் அதே சொல்லால்தான். மகளைத் 'தல்லி', அதாவது தாய் என்று அழைப்பார்கள். அன்பு மிகும்போது நாம் அறியாமலே குழந்தையிடம் முன்னோரைக் காண்கிறோம். அந்தச் சொல் ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. முன்னவரிடமிருந்து பின்னவருக்கும், பின்னவரிடமிருந்து முன்னவருக்குமாக இருபுறமும் ஓடுகிறது.

விரித்தல் என்னும் அதே வினையிலிருந்துதான் இழையைக் குறிக்கும் 'தந்து' என்ற சொல்லும், மக்கட்பேற்றைக் குறிக்கும் 'சந்தானம்' என்ற சொல்லும் வருகின்றன. கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குத் தைத்திரீய உபநிஷதம் கூறும் அறிவுரையில், சந்ததி என்னும் இழையை அறுத்துவிடாதே என்ற கட்டளை இருக்கிறது. அதே அறிவுரையில், கற்பதிலும் கற்பிப்பதிலும் தவறாதே என்ற கட்டளையும் இருக்கிறது. இழை ஒன்றன்று, இரண்டு. தமிழில் 'நூல்' என்றால் இழையும் ஆகும், கற்பிக்கப்படும் சாஸ்திரமும் ஆகும் என்பதை எண்ணினால் இது இன்னும் எளிதில் விளங்கும்.

பாணினி சூத்திரங்களின் உரையான காசிகை, 'வம்சம்' என்பது இரு வகைப்படும் என்கிறது: பிறப்பால் வருவது ஒன்று, கல்வியால் வருவது மற்றொன்று. பிருஹதாரண்யக உபநிஷதத்தில் வம்ச பிராஹ்மணம் என்னும் பகுதிகள் உள்ளன. அங்கே நிரலாகக் கூறப்படுவது குருமார்களின் பரம்பரை. அதே உபநிஷதத்தில், ஆத்மாவையே தங்கள் உலகமாகக் கொண்ட முற்காலத்து ஞானிகள், 'மக்கட்பேற்றால் எங்களுக்கு ஆவது என்ன?' என்று கேட்டுத் துறவு பூண்ட செய்தியும் வருகிறது. குழந்தையின்றி வாழ்ந்தோரும் நம் முன்னோரே என்பதற்கு உபநிஷதமே சான்று.

"தாத்தா" என்று அழைத்த வேடன்

இந்தச் சொல்லின் முழுப்பொருளையும் வாழ்ந்து காட்டியவர் ஒருவர் திருமலையில் இருந்தார். அவர் ஆளவந்தாரின் சீடரும், ஸ்ரீராமானுஜரின் தாய்மாமனுமாகிய திருமலை நம்பி.

வேங்கடவனின் திருமஞ்சனத்திற்குப் பாபவிநாச தீர்த்தத்திலிருந்து தினமும் நீர் சுமந்து வருவது அவருடைய கைங்கரியம். கோயிலிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவு. இன்றுள்ள சாலைகள் இல்லாத காட்டு வழி. முதுமையிலும் அவர் அப்பணியை விடவில்லை. ஒரு நாள் நீர்க்குடத்தைச் சுமந்து வரும்போது வேடச் சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டு, "தாத்தா, தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடு" என்று கேட்டான். இறைவனுக்கென எடுத்த நீரை வேறொருவருக்குத் தருவது எவ்வாறு என்று தயங்கி நம்பிகள் மேலே நடந்தார். சிறுவன் பின்தொடர்ந்து வந்து, அம்பெய்து குடத்தில் துளையிட்டு, வழிந்த நீரைப் பருகினான். பெரியவர் மனம் கலங்கினார். இத்தனை தொலைவு மீண்டும் நடக்க நேரமில்லை. சுவாமியின் திருமஞ்சனம் தடைப்படுமே! சிறுவனோ, "கவலைப்படாதே தாத்தா" என்று சொல்லி, மலைச்சரிவை நோக்கி மற்றோர் அம்பை எய்தான். அங்கே நீர் பீறிட்டது. சிறுவன் மறைந்தான். அந்நீரே கோயிலுக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆகாச கங்கை என்பது மரபு.

வந்தவன் யார் என்று நம்பிகளுக்குப் புரிந்தது. அன்றுமுதல் அவருடைய பெயரே 'தாத்தா' ஆயிற்று. அவர் வழிவந்தோர் தாத்தாசாரியார் என்று வழங்கப்படுகின்றனர். அவர் வம்சத்தார் இன்றும் ஆகாச கங்கையிலிருந்து நீர் கொணரும் கைங்கரியத்தைச் செய்து வருகின்றனர். ஆண்டுதோறும் அத்யயன உத்ஸவத்தின் நிறைவை ஒட்டித் தண்ணீரமுது உத்ஸவம் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலகம் நான்முகப் பிரம்மனைப் பிதாமகன் என்கிறது. விசுவரூபத்தைக் கண்ட அர்ஜுனன் பகவானைப் பிரபிதாமகன், அதாவது பிதாமகனுக்கும் தந்தை என்று துதிக்கிறான். எல்லாவற்றிற்கும் முற்பட்ட அந்தப் பரம்பொருள், குடம் சுமக்கும் ஒரு கிழவரைப் பார்த்துத் 'தாத்தா' என்கிறது! ஆகவேதான் திருமலை நம்பியை வணங்கும் தனியன், அவரைப் பிதாமகனுக்கும் பிதாமகர் என்று போற்றுகிறது. முன்னோன் பேரனாக வந்து நிற்கிறான், அடியவர் பாட்டனாராகிறார். 'தாத' என்னும் சொல் இருபுறமும் ஓடுவது என்றோமே, அது இங்கே கண்முன் நிகழ்கிறது.

மேலும், மகாளயத்தில் நாம் செய்வது என்ன? தாகத்தோடிருக்கும் முன்னோருக்குப் பின்னவர்களாகிய நாம் நீர் தருகிறோம். திருமலைக் காட்டு வழியில் நடந்தது அதன் மறுபுறம். பேரனாக வந்தவனின் தாகத்திற்குப் பாட்டனாரின் குடம் நீர் தந்தது. இரண்டிலும் நீர் ஒன்றே. தாகத்தை ஆற்றுபவர் யாரோ அவரே அங்கு உறவினர். 'தர்ப்பணம்' என்ற சொல்லின் பொருளும் திருப்தி செய்வித்தல் என்பதே.

நான்கு தெருவிலும் தேடிய பெரியவர்

பிதாமகர் என்ற பெயர் முதுமையால் வருவதன்று என்பதற்கும் நம்பிகளின் வாழ்வே சான்று. ஸ்ரீராமானுஜர் முதன்முறையாகத் திருமலைக்கு எழுந்தருளியபோது, முதியவரான நம்பிகளே பிரசாதங்களுடன் எதிர்கொண்டு வரவேற்றார். மாமனும் ஆசாரியருமான ஒருவர் தமக்காக நடந்து வந்ததைக் கண்டு கூசிய ராமானுஜர், இதற்கு வேறு சிறியவர் எவரும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். நான்கு தெருவிலும் தேடிப் பார்த்தேன், என்னைவிடச் சிறியவர் எவரும் அகப்படவில்லை என்பது நம்பிகளின் பதில்.

இறைவனே 'தாத்தா' என்று அழைத்தவர், ஊரில் தம்மைவிடச் சிறியவரைக் காணவில்லை! பிறகு அடிவாரத்தில் ஓராண்டுக் காலம் ராமானுஜருக்கு ஸ்ரீமத் ராமாயணத்தின் பொருளை அவர் உபதேசித்தார். நீரைச் சுமந்தது போலவே அவர் பொருளையும் சுமந்தார். தீர்த்தத்தில் எடுத்ததை இடையில் சிந்தாமல் சந்நிதியில் சேர்ப்பது, ஆசாரியரிடம் கேட்டதை இடையில் மாற்றாமல் சீடனிடம் சேர்ப்பது இரண்டும் அவருக்கு ஒரே கைங்கரியம். மணவாள மாமுனிகள் உபதேசரத்தின மாலையில் வலியுறுத்துவதும் இதுவே. முன்னோரிடம் முறையாகக் கேட்டு, அதைத் தாமும் சிந்தித்து, அதன்படியே உரைக்க வேண்டும். தம் மனத்தில் தோன்றியதைச் சொல்லி, இதுவே முன்னோர் வழி என்று சாதிப்பது அறியாமை என்கிறார் அவர்.

பாடல்களின் பிதாமகர்

அதே மலையில் இன்னொருவரும் பிதாமகர் எனப் பெயர் பெற்றார். ராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாள்ளபாக்கத்தில் 1408-இல் பிறந்த அன்னமாசாரியரைத் தெலுங்கு நாடு 'பதகவிதா பிதாமகர்' என்று கொண்டாடுகிறது. அவர் முப்பத்திரண்டாயிரம் சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. பத இலக்கியத்திற்கு ஆதிபுருஷர் என்ற பொருளில் அவருக்கு அப்பெயர் வழங்குகிறது. ஆனால் அந்த ஆதிபுருஷரோ தம்மை ஆழ்வார்களின் அடிச்சுவட்டில் நடப்பவராகவே கருதினார். அகோபில மடத்தின் ஆதிவண் சடகோப யதீந்திரரிடம் சாஸ்திரம் பயின்ற சீடர் அவர். யாருக்கும் பின்னோராக இருக்க ஒப்பாதவர் யாருக்கும் முன்னோராக ஆவதில்லை.

அன்னமாசாரியர் 1503-இல் இறைவனடி சேர்ந்தார். பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிறு அறையில் காக்கப்பட்டன. மகன் பெரிய திருமலாசாரியரும் பாடினார், பேரன் சின்னன்னா பாட்டனாரின் வரலாற்றைத் துவிபதச் செய்யுளில் எழுதினார். பிற்காலத்தில் உலகம் அந்த அறையை மறந்தது. 1922-ஆம் ஆண்டளவில் செப்பேடுகள் மீண்டும் கவனத்திற்கு வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். அவர்கள் அன்னமாசாரியரின் குலத்தில் பிறந்தவர்கள் அல்லர். ஆயினும் நூற்றாண்டுகளாக வாய்மூடிக் கிடந்த ஒரு பாட்டனாருக்கு அவர்கள் மீண்டும் குரல் கொடுத்தார்கள். இது பேரன் செய்யும் காரியம் இல்லையென்றால் வேறு எது?

குழந்தையற்ற பிதாமகர்

இவ்வளவும் கேட்டபின் பெரியவர் கேட்டார்: "சுவாமி, இவர்களுக்கெல்லாம் வம்சம் இருந்தது. எங்கள் நிலை வேறல்லவா?"

நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலை மகாபாரதத்தில் காணலாம். பாட்டன் என்றாலே நம் நினைவுக்கு வருபவர் பீஷ்மர். பிதாமகர் என்ற சொல் பாரதத்தில் அவருக்கே உரிய பெயர்போல் ஆகிவிட்டது. அவருக்குக் குழந்தை உண்டா? தந்தை சந்தனுவின் பொருட்டு, திருமணமே வேண்டாமென்று சபதம் ஏற்றவர் அவர். உலகின் மாபெரும் பாட்டனாருக்குப் பேரன் மட்டுமல்ல, மகனும் இல்லை!

ஆனால் அவர் தாகத்தில் நிற்கிறாரா? மாசி மாதத்தை ஒட்டி வரும் மாக சுக்கில அஷ்டமி, பீஷ்மாஷ்டமி எனப்படுகிறது. அந்நாளில் அவருடைய கோத்திரத்தில் பிறவாதவர்களும் அவரை நினைத்து நீர் அளிக்கின்றனர். புத்திரனற்றவர் என்று குறிப்பிட்டே அந்த அர்க்கியம் தரப்படுகிறது. அம்புப் படுக்கையிலிருந்து அவர் தர்மபுத்திரருக்கு உபதேசித்த விஷ்ணு சகஸ்ரநாமம் இன்று எத்தனை இல்லங்களில் ஒலிக்கிறது! அதைச் சொல்லும் ஒவ்வொரு குழந்தையும் பீஷ்மரின் பேரன், பேத்திதான்.

அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். தம் மகளை 'அம்மா' என்றழைக்க ஒரு குழந்தை இல்லையே என்று அன்னையின் தாயார் சியாமாசுந்தரி தேவி வருந்தினார். அதைக் கேட்ட ஸ்ரீராமகிருஷ்ணர், 'அம்மா' என்ற அழைப்பைக் கேட்டுக் கேட்டு உங்கள் மகள் அயர்ந்துபோகும் அளவுக்குக் குழந்தைகள் வருவார்கள் என்று ஆறுதல் கூறினார். அது எவ்வாறு மெய்யாயிற்று என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ரீராமகிருஷ்ணரின் அவதாரமே முன்னோர் வழிபாட்டோடு இணைந்தது. 1835-இல் அவருடைய தந்தை க்ஷுதிராம் கயைக்கு யாத்திரை சென்று முன்னோர்க்குப் பிண்டம் அளித்தார். முன்னோர் அதை மகிழ்வுடன் ஏற்பதையும், கதாதரப் பெருமான் தமக்கு மகனாக வரத் திருவுளம் கொண்டதையும் அவர் கனவில் கண்டார். 1836 பிப்ரவரி 18 அன்று காமார்புகூரில் குழந்தை பிறந்தது. கதாதரன் எனப் பெயர் பெற்றது. திருமலையில் பேரனாக வந்தவன் இங்கு மகனாக வந்தான்.

அந்தக் குழந்தை வளர்ந்து ஞானத்தின் சிகரத்தை எட்டியபின், ஒருநாள் தர்ப்பணம் செய்ய நீரை அள்ளியபோது விரல்கள் இணைய மறுத்தன, நீர் நழுவிப் போயிற்று. அவர் அழுதார். அவ்வுயர்நிலையில் கர்மங்கள் தாமே நழுவிவிடும் என்று சாஸ்திரம் கூறுவதை ஹலதாரி எடுத்துச் சொன்னார். கர்மம் அவரை விட்டதேயன்றி, அவர் கர்மத்தை அலட்சியம் செய்யவில்லை; அந்தக் கண்ணீரே அதற்குச் சாட்சி. துறவிகளாகிய நாங்களும் சந்நியாசத்திற்கு முன் முன்னோர்க்கும் எங்களுக்குமாகச் சிராத்தம் செய்துவிட்டே காவி உடுத்துகிறோம். எங்களுக்குப் பின் எங்கள் பெயரால் நீர் இறைப்பவர் இல்லை. ஆயினும் நாங்கள் அனாதைகளாக உணர்ந்ததில்லை. எங்களுக்குப் பரம்பரை உண்டு. அதில் வாங்கியதைக் கொடுத்துச் செல்வதே எங்கள் பித்ரு கடன்.

பிழிந்து விடும் நீர்

பெரியவரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். "நீங்கள் இத்தனை ஆண்டுகள் தர்ப்பணம் செய்திருக்கிறீர்கள். முடிவில் வரும் மந்திரத்தின் பொருளை எண்ணிப் பாருங்கள். தாயோ தந்தையோ உறவினரோ கோத்திரத்தாரோ யாருமில்லாதவர்கள் அனைவரும் நான் விடும் இந்த நீரால் திருப்தியடையட்டும் என்றல்லவா சொல்கிறோம்? அப்படியானால், நீர் தர ஆளில்லாத எத்தனையோ பேருக்கு நீங்கள் இவ்வளவு காலமும் பேரனாக இருந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பிறகும் ஒவ்வோர் அமாவாசையிலும் இந்த மந்திரம் ஒலிக்கும். அதில் உங்களுக்கும் உங்கள் தந்தைக்கும் பாட்டனாருக்கும் பங்கு உண்டு. நம் முன்னோர் இந்த ஏற்பாட்டை மறக்கவில்லை. யாரையும் தாகத்தில் நிற்க விடக்கூடாது என்பதே அவர்கள் எண்ணம்."

பெரியவர் பேசவில்லை. அவர் மனைவிதான் முதன்முறையாக வாய் திறந்தார்.

"எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம், சுவாமி. கோடைக்காலத்தில் திண்ணையில் பானையில் தண்ணீர் வைப்போம். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். இவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. வாசலில் நின்றுகொண்டே, 'தாத்தா, தண்ணீர்' என்பார்கள்."

சொல்லி முடித்ததும் அவரே திகைத்தாற்போல் கணவரைப் பார்த்தார். பெரியவர் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "நம்பிகள் அந்தப் பையனுக்கு முதலில் தயங்கினார் அல்லவா, சுவாமி?" என்று கேட்டார்.

"ஆம், தயங்கினார்."

"நானும் சில நாள் கோபித்திருக்கிறேன். தண்ணீரைச் சிந்துகிறார்கள் என்று" என்றார். பிறகு இருவரும் மலையேறுவதற்கு எழுந்தனர்.

அன்பர்களே, இம்மகாளயத்தில் நம் முன்னோர்க்கு முறைப்படி நீர் அளிப்போம். அந்த நீரோடு கடமை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நமக்கு முன்னிருந்தோர் சுமந்து தந்த குடம் ஒன்று நம் தோளில் இருக்கிறது. மொழி, வழிபாடு, தொழில், நன்னெறி, இறைநாமம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். வழியில் ஒரு சிறுவன் நின்று கேட்கக்கூடும். அவன் நம் குலத்தவனா, நம் மொழியினனா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். நம்மைத் தாத்தா என்று அழைக்க வந்திருப்பவன் யார் என்பது, அவன் பருகிய பிறகுதான் தெரிய வரும்.

பிதாமகனுக்கும் தந்தையாகி, பேரனாகவும் வந்து நின்ற ஏழுமலையான், நம் கைக்குடம் யாருடைய தாகத்தின் முன்னும் மூடியிராதபடி அருள்புரிவானாக!